மோர் ஆகாத மருந்து

விழுப்புரம் ரயிலடிக்கு எதிரே இருந்த மைதானத்தில் அன்று காலை ஒரு வாழைக்காய்க்கு நடந்த மரியாதை, மந்திரி வந்திருந்தாலும் நடந்திருக்காது.

வெள்ளித் தட்டு. அதன்மேல் பட்டுத்துணி. பட்டுத்துணிமேல் வாழைக்காய். பக்கத்தில் கையில் கத்தியோடு டாக்டர் தேவநாதன். எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று கேட்டால் இமயமலை என்பார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. இமயமலைவரை போய் விசாரித்துவிட்டு வர விழுப்புரத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது?

கூட்டத்தின் பின்வரிசையில் துப்பறியும் வேங்கடேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில், வேர்க்கடலைப் பொட்டலத்தைக் காலி பண்ணிக்கொண்டு உதவியாளன் மண்ணாங்கட்டி. முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனதால் அவன் அம்மா வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. தொழிலுக்கு எடுப்பாக இல்லையென்று விசிட்டிங் கார்டில் ‘எம். கட்டி’ என்று போட்டுக்கொண்டான். கார்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

“பெரியோர்களே,” என்றார் டாக்டர். “இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? காற்றினால். நறுக்கிய காய் ஏன் கறுக்கிறது? காற்றினால். நாற்பது வயதில் மனிதனுக்கு மூட்டு வலிப்பதும் முடி நரைப்பதும் அதே காற்றினால்தான். உயிர் கொடுக்கிற காற்றே உள்ளுக்குள் துருவையும் ஏற்றுகிறது. இதற்கு அகத்துரு என்று பெயர்.”

“அப்ப மூச்சு வுடறத நிறுத்திட்டா நூறு வயசு வாழலாமா சார்?” என்றான் மண்ணாங்கட்டி.

“நீ பேசறத நிறுத்து. நான் நூறு வயசு வாழுவேன்,” என்றார் வேங்கடேசன்.

டாக்டர் வாழைக்காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியை அப்படியே விட்டார். மற்றப் பாதியின்மேல் வெள்ளிச் சிமிழிலிருந்து ஏதோ தெளிவான நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் தடவினார். அது சோதிவேர் ஊறிய தீர்த்தமாம். அந்த வேரில் செய்த மருந்துதான் திண்டிவனம் முழுக்கப் பெரிய மனிதர்கள் குடிக்கும் ‘அமிர்தசோதி’. பாட்டிலின் விலையைக் கேட்டால் கூலிக்காரனுக்குத் தலை சுற்றும். அதனாலேயே பெரிய மனிதர்களுக்கு அதன்மேல் அத்தனை நம்பிக்கை.

மெட்ராஸ் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து வாங்கிப்போவதாக இருந்த அந்த வேர்தான் போன வாரம் டாக்டர் வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து களவு போய்விட்டது. “என்னிடம் மிஞ்சியது இந்தச் சிமிழில் இருக்கும் துளிகள் மட்டுமே,” என்று டாக்டர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் ஒரு வக்கீலும் சேர்ந்து துடைத்தார்.

டாக்டர் அகத்துருவின் கொடுமைகளைச் சொல்லி முடிப்பதற்குள் தடவாத பாதி கறுத்துவிட்டது. தடவிய பாதி அப்போதுதான் நறுக்கினதுபோல வெள்ளையாக இருந்தது. கூட்டம் கை தட்டியது.

வேங்கடேசன் தட்டவில்லை. பூக்கூடையோடு மைதானத்துக்குள் வந்த ஒரு அம்மாளை இரண்டு தொண்டர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதிவேரின்மேல் பெண் நிழல் படக்கூடாதாம். பட்டால் சக்தி இறங்கிவிடுமாம்.

“பத்தியம் முக்கியம்,” என்று டாக்டர் விரலை உயர்த்தினார். “மருந்து உண்ணும் காலத்தில் கேப்பை ஆகாது. முருங்கைக்கீரை ஆகாது. முக்கியமாக மோர் ஆகாது.”

பெரிய மனிதர்கள் தலையை ஆட்டினார்கள். கேப்பை ஆகாது என்றால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? அதை அவர்கள் எந்தக் காலத்தில் தொட்டார்கள்?

“கட்டி,” என்றார் வேங்கடேசன் மெதுவாக. “அந்த ரெண்டு பாதியும் எனக்கு வேணும்.”

கடைசி பாட்டில்களுக்காகக் கூட்டம் முட்டி மோதியது. அந்த நெரிசலில் மண்ணாங்கட்டி மேடையோரம் போய் வந்தான். திரும்பும்போது அவன் துண்டு கொஞ்சம் கனத்திருந்தது. வேங்கடேசனும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பாட்டில் வாங்கினார்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மண்ணாங்கட்டிக்கு சின்னப்பராஜின் முகம் ஞாபகம் வந்தது. சின்னப்பராஜ் விழுப்புரம் லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன். வேலை முடிந்த கரி முகத்தோடே நேற்று வந்து நின்றான். டாக்டர் வீட்டில் பாட்டில் கழுவி, அறை பெருக்கும் சகாயசெல்வி அவன் தங்கை. வேர் இருந்த அறைக்குள் போய்வருகிறவள் அவள் ஒருத்திதான் என்று போலீசார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“மாதா கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு சார், யாருக்காவது ஆட்சேபனை உண்டான்னு,” என்றான் சின்னப்பராஜ். “வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. அதுக்கப்புறம் கல்யாணம். திருடின்னு பேர் வந்துட்டா சாமியார் ஓலை வாசிப்பாரு, மாப்ள ஊட்ல காத மூடிக்குவாங்க. அவ ஒரு ஊசியக் கூட எடுக்க மாட்டா சார்.”

சொல்லிவிட்டு அழுதான். கண்ணீர் வழிந்த இடத்தில் கரி கரைந்து இரண்டு கோடு விழுந்தது. மண்ணாங்கட்டிக்கு அதைப் பார்த்து வாயில் ஒரு ஹாஸ்யம் கூட வரவில்லை. அவனுக்கு அப்படி நேர்வது அபூர்வம்.

“குடி,” என்று வேங்கடேசன் பாட்டிலை நீட்டினார்.

“எனக்கு இன்னா சார் வியாதி?”

“உனக்கு நாக்கு நீளம். அது எனக்கு இப்ப உபயோகப்படும். குடி.”

மண்ணாங்கட்டி ஒரு வாய் குடித்தான். முழுங்கினான். இன்னொரு வாய் குடித்தான். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

“சார், இது கூழு. கேப்பையக் கறுக்க வறுத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டுப் பணக்காரனாக்கி வெச்சிக்கிறான். முருங்க எலயக் காயவெச்சி இடிச்சிப் போட்டுக்கிறான், கடைசில நாக்குல நிக்குது பாருங்க. எங்கூட்ல இத சட்டியோட குடிப்போம். பாட்டில்ல குடிக்க இன்னிக்குத்தான் குடுத்து வெச்சிது.”

“எதிர்பார்த்தேன்,” என்றார் வேங்கடேசன்.

“எதிர்பார்த்தவரு நீங்களே குடிச்சிருக்கலாமே?”

“எனக்கு விஷமா இருந்தா?”

பஸ் ஸ்டாண்டிலிருந்து டாக்டர் வீட்டுக்குப் போகிற வழியில் சுப்பராயலுவின் அரிசி மில். சுப்பராயலுதான் அமிர்தசோதி சபைக்குத் தலைவர். பாட்டில் லேபிளில் இருப்பதும் அவர் படம்தான். நெல் காய்கிற களத்தில் வேலை செய்யும் பெண்கள், பகலுக்குக் கூழுக்குப் பதில் சோறு போடச் சொல்லிக் கேட்டபோது, ‘கூழு குடிக்கிறவங்களுக்குப் புத்தியும் கூழாத்தான் இருக்கும்’ என்று ஊர் கேட்கச் சொன்ன புண்ணியவானும் அவர்தான். சோறு மட்டும் போடவில்லை.

“தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் சார்,” என்று மண்ணாங்கட்டி களத்துப் பக்கம் போனான்.

பெண்கள் வேப்பமரத்தடியில் கூழ்ச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆனது. அவன் திரும்பி வந்தபோது கையிலிருந்த பாட்டிலில் மருந்து நன்றாகக் குறைந்திருந்தது. வேங்கடேசன் அதைக் கவனிக்கவில்லை. ஊர் முழுக்கத் துப்பறிகிறவர்களுக்குக் கூட இருக்கிறவன்மேல் கண் போவதில்லை.

வேங்கடேசன் முன்பே சொல்லியனுப்பியிருந்தபடி டாக்டர் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். சுப்பராயலுவின் காரில் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்ட டாக்டர். ஊஞ்சலில் சுப்பராயலு. நாற்காலி நுனியில் சப்-இன்ஸ்பெக்டர் சீனுவாசன். ஊஞ்சலுக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே திண்டிவனத்தில் யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

“சாயங்காலம் அந்தப் பொண்ண மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும்,” என்றார் சீனுவாசன். “சொல்றத ஜல்தியா சொல்லுங்க சார்.”

“டாக்டரை ஒண்ணு கேக்கணும்,” என்றார் வேங்கடேசன். “சோதிவேர் மேல பெண் நிழல் படக்கூடாது. சரிங்களா?”

“படவே கூடாது,” என்றார் டாக்டர்.

“அந்த வேர் இருக்கிற அறையைப் பெருக்க ஒரு பொண்ணை வெச்சிருந்தீங்களே, அவ நிழலை வாசல்ல கழட்டி வெச்சிட்டா வந்தா?”

டாக்டர் வாயைத் திறந்தார். பதில் வருவதற்கு முன்னால் பூனை வந்தது.

அது டாக்டர் வீட்டுப் பூனை. நல்ல கொழுத்த சாம்பல் நிறப் பூனை. கூடத்தில் இருந்த ஒருவரையும் மதிக்காமல் நேராக மண்ணாங்கட்டியிடம் வந்து, அவன் துண்டை நகத்தால் பிடித்து இழுத்தது. இலையில் சுற்றிய வாழைக்காய் பாதிகள் இரண்டும் தரையில் விழுந்தன. கறுத்த பாதியை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. வெள்ளைப் பாதியைக் காலால் அமுக்கிக்கொண்டு நக்க ஆரம்பித்தது. நக்கிய விதத்தைப் பார்த்தால் அது அதற்குப் புதுசில்லை. தினப்படி.

“இன்னா சார் இது, பூனைக்குமா அகத்துரு?” என்றான் மண்ணாங்கட்டி.

“பாவம், பசி,” என்றார் டாக்டர். நெற்றியில் வேர்த்திருந்தது.

“பசிச்சா ரெண்டையும் தின்னிருக்கும்,” என்றார் வேங்கடேசன். “பூனைக்கு வாழைக்காய் வேண்டாம். மேல தடவினதுதான் வேணும். நான் கல்யாணம் ஆகாதவன். நானேதான் சமைச்சுக்கறேன். வாழைப்பூவை நறுக்கினா மோர்த்தண்ணியில போடணும், இல்லாட்டி கறுத்துடும். இது எந்த வீட்டு அடுப்படியிலயும் தெரிஞ்ச விஷயம். மோரின் மேல்தெளிவை எடுத்து வாழைக்காய்ல தடவினாலும் அதே கதைதான். டாக்டர் கூட்டத்துக்கு ஒரு பெண்ணையும் விடாததுக்கு நிழல் காரணமில்ல. ஒரே ஒரு பொம்பளை பார்த்திருந்தா, ‘இன்னாய்யா, மோர் தடவிட்டுப் பேசிக்கினு நிக்கிற’ன்னு கேட்டிருப்பா. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆம்பளைங்கதான் இதுக்குக் கை தட்டுவாங்க.”

சுப்பராயலு ஊஞ்சலைக் காலை ஊன்றி நிறுத்தினார். அவர்தான் எல்லாக் கூட்டத்திலும் முதலில் கை தட்டுகிறவர்.

“வேடிக்கை எப்படியோ போகட்டும் சார்,” என்றார். “மருந்து நிஜம். மாடிப்படி ஏறினா எனக்கு மூச்சு வாங்கும். இப்ப ரெண்டு ரெண்டு படியா ஏறறேன்.”

“நிஜந்தான்,” என்றார் வேங்கடேசன். “முருங்கைக்கீரையில இரும்புச்சத்து, கேப்பையில சுண்ணாம்புச்சத்து. உங்க ரத்தம் ஊறாம என்ன செய்யும்? பத்தியத்தை யோசிச்சுப் பாருங்க. மூணு பொருள் ஆகாதுன்னாரு. மோர் ஏன்னு பூனை சொல்லிடுச்சு. மத்த ரெண்டும் பாட்டிலுக்குள்ள இருக்கு. வீட்ல அதே ருசி நாக்குக்குப் பழகிட்டா பாட்டிலைக் கண்டுபிடிச்சிடுவீங்களே.”

“கேப்பையா?” என்றார் சுப்பராயலு.

“கூழுங்க ஐயா,” என்றான் மண்ணாங்கட்டி பணிவாக. “நல்லா காய்ச்சின கூழு.”

சுப்பராயலுவின் முகம் போன போக்கைப் பார்க்க அவனுக்குப் பாயசம் சாப்பிட்டதுபோல இருந்தது.

“ஆக, வேர்னு ஒண்ணு எப்பவுமே இல்ல,” என்று வேங்கடேசன் முடித்தார். “வர்ற வியாழக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து ஆராய்ச்சிக்காரர் வந்து வேரை வாங்கிட்டுப் போறதா இருந்தது. இல்லாததை எப்படிக் கொடுக்கறது? அதனால களவு போயிடுச்சு. திருடின்னு ஒருத்தி வேணுமே. பெருக்கற பொண்ணு கையில இருந்தா.”

டாக்டர் தேவநாதன் பூனையைப் பார்த்த பார்வையில் அத்தனை கோபம். மாசக்கணக்கில் மோர் ஊற்றி வளர்த்த பூனை இப்படிக் கழுத்தறுக்கும் என்று பாவம் அவர் நினைக்கவில்லை.

சீனுவாசன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். “டாக்டர், கிளம்புங்க.”

“உக்காருய்யா,” என்றார் சுப்பராயலு.

சீனுவாசன் உட்கார்ந்தார்.

சுப்பராயலு வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பேசினார். “இவன் பிராடு. சரி. இன்னிக்கே ஊரை விட்டுப் போயிடட்டும். ஆனா கேஸுன்னு போனா கோர்ட்ல இன்னா சொல்லுவாங்க? சபைத் தலைவர் ஆறு மாசமா கூழு குடிச்சாருன்னு சொல்லுவாங்க. லேபிள்ல என் படம் வேற. நாளைக்கு என் களத்துல வேலை செய்யறவங்க என் மூஞ்சியப் பார்ப்பாங்களா? அதனால கேஸ் இப்படியே இருக்கட்டும். வேர் போச்சு, அந்தப் பொண்ணு எடுத்தா. ரெண்டு மாசமோ மூணு மாசமோ போட்டா உள்ள இருந்துட்டு வரட்டுமே. நான் ஏதாவது பார்த்து உதவி செய்யறேன்.”

மண்ணாங்கட்டி இதுவரை எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறான். இவ்வளவு நிதானமாக ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்து மடியில் முடிந்துகொள்கிறவனைப் பார்த்ததில்லை.

“ரொம்ப சரிங்க,” என்றார் வேங்கடேசன். “அப்ப நான் இந்த பாட்டிலை எடுத்துக்கிட்டு நேரா உங்க களத்துக்குப் போறேன். ஆளுக்கு ஒரு வாய் ஊத்தி, இது இன்னான்னு கேக்கறேன். அப்புறம் லேபிளைக் காட்டறேன்.”

சுப்பராயலு ஊஞ்சலை விட்டு எழுந்து வந்தார்.

“இன்னா வேணும் உங்களுக்கு?” என்றார் சுப்பராயலு.

“வேர் வீட்லயே கிடைச்சிடுச்சுன்னு டாக்டர் புகாரை வாபஸ் வாங்கணும். பொண்ணு இப்பவே வெளிய வரணும்.”

“நீங்க ரெண்டு பேரும் வாயத் தெறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

வேங்கடேசன் சத்தியம் செய்தார். அவர் பார்த்த பார்வையில் மண்ணாங்கட்டியும் செய்தான். “இந்த நிமிஷத்துலேர்ந்து தெறக்க மாட்டேங்க,” என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த இமயமலைப் படத்தின் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சகாயசெல்வி வெளியே வந்தபோது சின்னப்பராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அழவில்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு வேங்கடேசனைப் பார்த்தாள்.

“வேர் கெடச்சிடுச்சின்னு சொல்லிட்டாங்களா சார்?”

“ஆமாம்மா. கேஸ் இல்ல.”

“கேஸு இல்ல. ஆனா ஊர்ல இன்னா பேசுவாங்க? எடுத்தவ பயந்துகினு திருப்பி வெச்சிட்டான்னுதான பேசுவாங்க. நீங்க வாயத் தெறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டீங்க. அப்ப நான் எடுக்கலன்னு யார் சார் சொல்லுவாங்க? ஞாயித்துக்கெழம ஓலைய வாசிக்கறப்ப கோயில்ல எல்லாரும் என்னத் திரும்பிப் பார்ப்பாங்களே சார்.”

வேங்கடேசனுக்கு முகம் செத்துப்போனது. சூடான காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். அவளைக் கம்பிக்கு வெளியே கொண்டு வந்துவிட்டார். அவள் பெயரை உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். இது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“வாம்மா,” என்றான் மண்ணாங்கட்டி. “மில் வழியா போலாம். அங்க நிழலு.”

அந்த வழியில் நிழலே கிடையாது. ஆனால் வாதாட யாருக்கும் தெம்பில்லை. நால்வரும் நடந்தார்கள்.

களத்தை நெருங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. நெல்லைத் துழாவ வேண்டிய பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மூத்தவளான முனியம்மாள் சகாயசெல்வியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

“உன்னையா திருடின்னு சொன்னானுங்க? இல்லாத வேர எப்பிடிடி எடுப்ப?” என்றாள். “இந்தத் தம்பி மருந்தக் கொண்டாந்து குடுத்துச்சி. ஒரு வாய்தான் குடிச்சோம். நம்ம சட்டியில இருக்கறதும் அதான், அவுங்க பாட்டில்ல இருக்கறதும் அதான். சந்தைக்குப் போன சின்னபொண்ணு இந்நேரம் ஊரு பூரா சொல்லியிருப்பா. உங்க கோயில் தெருவுலதான் மொதல்ல சொல்லச் சொன்னேன்.”

சகாயசெல்வி அப்போதுதான் அழுதாள். நன்றாக, சத்தம் போட்டு அழுதாள். சின்னப்பராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹாரன் அடித்துக்கொண்டு சுப்பராயலுவின் கார் மில் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கினார். சபைத் தலைவரின் மிடுக்கு குறையவில்லை. செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்த மாதிரிச் செய்திகள் சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் வரும்.

“இன்னா இங்க கூட்டம்? வேலை இல்லியா?” என்றார்.

முனியம்மாள் சட்டியிலிருந்து ஒரு சொம்பு கூழை மொண்டு, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

“மருந்து வேளைக்கு வந்துட்டீங்க ஐயா. குடிங்க. அப்பிடியே ஒண்ணு கேக்கணும். இப்ப உங்க புத்தி எப்பிடி இருக்குது? கெட்டியா இருக்குதா, தண்ணியா இருக்குதா?”

சுப்பராயலு சொம்பைப் பார்த்தார். களத்தைப் பார்த்தார். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை சிரிப்பு ஓயவில்லை. சகாயசெல்வியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வேங்கடேசன் உதவியாளனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏம்ப்பா, வாயைத் திறக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணினோமே?”

“பண்ணதுக்கு அப்புறம் நான் தெறக்கலியே சார்,” என்றான் மண்ணாங்கட்டி.

வேங்கடேசன் அவனை முறைத்தார். பிறகு முனியம்மாளிடம் போய், சுப்பராயலுவுக்கு மொண்ட சொம்பைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.